மக்காவில் வயல் ஏது சேர்? இலக்கியப் பாடமும் நமது பிள்ளைகளின் படைப்பாற்றலும்

தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு நாள். அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் உள்ள ஒரு பாடசாலையில் தரம் 10 மாணவர்களுக்குத் தமிழ் இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தேன். சீறாப்புராணத்தின் ஒரு பகுதி பாடமாக இருந்தது. அதற்கு முன்னுரையாக, உமறுப்புலவர் தமது காப்பியத்தின் தொடக்கத்தில் நாட்டுப் படலம் அமைத்திருக்கிறார், அறபு நாட்டில் மழை பொழிவதையும் ஆறு பெருகுவதையும் வயல்கள் விளைவதையும் அதில் பாடியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சேர், மக்காவுல வயல் ஏது? பயிர் விளையாத பள்ளத்தாக்கு எண்டுதானே இஸ்லாம் பாடத்துல படிச்ச நாங்க?"

வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் சொன்னது சரி. நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தமது குடும்பத்தைக் குடியமர்த்திய இடம் பயிர்ச்செய்கை இல்லாத பள்ளத்தாக்கு என்பதை ஸூரா இப்ராஹீமில் வரும் அவர்களது பிரார்த்தனையே சொல்கிறது. சமூகக் கல்விப் புத்தகத்திலும் அறேபியாவுக்கு நேரே பாலைவனம் என்றுதான் போட்டிருந்தது. இஸ்லாம் பாடம், சமூகக் கல்வி, தமிழ் இலக்கியம் ஆகிய மூன்றும் அந்தப் பதினைந்து வயதுப் பையனின் மண்டைக்குள் ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன. அந்த மோதலில் பிறந்ததுதான் அந்தக் கேள்வி.

நான் சொன்ன பதில் இதுதான்: "இதெல்லாம் சோதனைக்கு வராது. நோட்ஸ எழுது."

அவன் உட்கார்ந்தான். எழுதினான். நான் ஓய்வுபெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கல்வி மறுசீரமைப்பு பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்தப் பையன் உட்கார்ந்த விதம்தான்.

எதைப் பற்றி விவாதிக்கிறோம்?

புதிய கல்வி மறுசீரமைப்பு 2026 இல் தரம் 1 இலும் தரம் 6 இலும் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. பாடப்புத்தகத்துக்குப் பதிலாக மொடியூல், பரீட்சைச் சுமையைக் குறைத்தல், செயற்பாட்டின் மூலம் கற்றல் என்றெல்லாம் சொல்லப்பட்டன. 2025 ஜூலையில் வரலாறும் அழகியலும் கைவிடப்படப் போகின்றன என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. அப்படி இல்லை என்று அரசாங்கம் விளக்கமளித்தது. பின்னர் தரம் 6 ஆங்கில மொடியூலில் இருந்த ஓர் இணையத்தள முகவரி பெரும் புயலைக் கிளப்ப, தரம் 6 இன் மறுசீரமைப்பு 2027 க்குத் தள்ளிப்போடப்பட்டது.

இவ்வளவு சத்தத்திலும் ஒரு விடயத்தை யாரும் பேசக் காணவில்லை. மொடியூல் வந்தாலும் புத்தகம் இருந்தாலும், 40 நிமிடம் என்றாலும் 50 நிமிடம் என்றாலும், வகுப்பறைக்குள் ஒரு பிள்ளை "மக்காவில் வயல் ஏது?" என்று கேட்டால் என்ன நடக்கும்? அந்தக் கேள்விக்கு இடம் இருக்குமா? மறுசீரமைப்பு வெற்றியா தோல்வியா என்பதை நான் இதை வைத்துத்தான் அளப்பேன்.

பாடங்களை இணைத்துக் கற்பித்தல் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1972 இன் சீர்திருத்தம் ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தையும் சமூகக் கல்வியையும் கொண்டு வந்தது. ஊர்த் தொழில்களைப் பாடமாக்கும் தொழில் முன்னிலைப் பாடங்களும் அதில் இருந்தன. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பெயரில் பல பாடங்களை ஒன்றாக்கியது. 2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தது. ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று ஐந்து படிமுறைகளைச் செயலமர்வுகளில் எங்களுக்கு மனப்பாடமாகவே சொல்லித் தந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் வழிகாட்டி நூல் மாறியது. வினாத்தாளின் குணம் மட்டும் மாறவில்லை. ஆசிரியர் எதைக் கற்பிக்கிறார் என்பதைத் தீர்மானிப்பது வழிகாட்டி நூல் அல்ல, கடந்தகால வினாத்தாள்தான். இதை அதிபர் அறிவார், பெற்றோர் அறிவார், ரியூசன் ஆசிரியர் எல்லோரையும் விட நன்றாக அறிவார்.

கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது

2004 டிசம்பர் 26 எங்கள் கரையோரத்தை என்ன செய்தது என்பதை இந்த வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நீளும் அந்தக் கரையில் இழப்பில்லாத தெரு இல்லை. அடுத்த வருடம் ஒரு தவணைப் பரீட்சையில் "கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது" என்று ஒரு கட்டுரைத் தலைப்பு வந்துவிட்டது. பழைய வினாத்தாளிலிருந்து யோசிக்காமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

விடைத்தாள்களைத் திருத்த நான் உட்கார்ந்தேன். பெரும்பாலான பிள்ளைகள் எழுதியது அதே பழைய கட்டுரைதான். நீலக் கடல், தாலாட்டும் அலைகள், பொன்னிறச் சூரியன், இதமான தென்றல். கடல் வீட்டை அள்ளிக்கொண்டு போன பிள்ளையும் அதையேதான் எழுதியிருந்தது. அந்தப் பிள்ளையின் விடைத்தாளை வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் இருந்தேன். எழுத்துப்பிழை இல்லை. முன்னுரை, உள்ளடக்கம், முடிவுரை எல்லாம் இருந்தன. நல்ல புள்ளிதான் போட்டேன்.

அந்தப் பிள்ளைக்குக் கற்பனை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தான் கண்டதற்கும் தமிழ்ப் பாடத்துக்கும் சம்பந்தமில்லை என்று நாங்கள் அதற்குக் கற்றுக் கொடுத்திருந்தோம். அது அந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருந்தது.

இன்னொன்றையும் யோசித்தேன். நமது தமிழ் இலக்கிய வரலாற்று நோட்ஸின் முதற் பக்கத்திலேயே "கடல்கோள்" என்ற சொல் இருக்கிறது. முச்சங்கம் பற்றிய பாடம் அது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்தச் சொல்லைப் பிள்ளைகள் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறார்கள். கடல் கொள்ளுமென்றால் எப்படிக் கொள்ளும்? ஏன் கொள்ளும்? அதற்கு முன் கடல் என்ன அடையாளம் காட்டும்? இலக்கிய ஆசிரியர் இதைக் கேட்கவில்லை, புவியியல் ஆசிரியருக்கு அந்தச் சொல் போய்ச் சேரவில்லை. அன்று காலை கடல் உள்வாங்கியபோது நம்மில் எத்தனையோ பேர் வேடிக்கை பார்க்கத்தான் போனோம்.

அதே நாளில், பூமியதிர்ச்சி மையத்துக்கு மிக அருகில், இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தைச் சேர்ந்த சிமெலு என்ற தீவு இருந்தது. முஸ்லிம்கள் வாழும் தீவு. சுமார் 78,000 பேர். அங்கே இறந்தவர்கள் 7 பேர் என்று பதிவாகியிருக்கிறது. காரணம் எச்சரிக்கைக் கருவி அல்ல. 1907 இல் அந்தத் தீவை ஒரு சுனாமி அழித்தது. அந்த நினைவை அவர்கள் "ஸ்மொங்" என்ற சொல்லோடு கதையாகவும் தாலாட்டாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். நிலம் அதிர்ந்து கடல் வற்றினால் குன்றுக்கு ஓடு என்பதுதான் அதன் சாரம். அன்று யாரோ ஸ்மொங் என்று கத்தினார்கள், சனம் குன்றுக்கு ஓடியது.

அந்தப் பாட்டு இலக்கியமா, புவியியலா, வரலாறா? அந்தத் தீவின் உம்மாமாருக்கு இந்தக் கேள்வியே இருந்திருக்காது. பாடம் பாடமாக வெட்டிப் பிரித்து வைத்தவர்கள் நாம்தான். கடல்கோளை யாராவது வகுப்பில் விளக்கியிருந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லை நாங்கள் வைத்திருந்தோம், அதை உயிரில்லாமல் வைத்திருந்தோம் என்பதை மறுக்க முடியாது.

களவெட்டியில் ஒரு தமிழ்ப் பாடம்

அதற்குப் பிறகுதான் நான் கற்பிக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். சாதனை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பாடத்தை மட்டும் சொல்கிறேன்.

நாட்டார் பாடல் பற்றிய பாடம். வழமையாக இலக்கணம், வகைகள், இரண்டு உதாரணங்கள் என்று ஒரு பாடவேளையில் முடித்துவிடுவோம். இம்முறை புத்தகத்தைத் திறக்கவில்லை. "வீட்டிலே வயதானவர்களிடம் வயல் வேலையில் பாடிய கவி ஒன்று கேட்டு வாருங்கள். கவி இல்லையென்றால் வயற் சொல் ஒன்றாவது கொண்டு வாருங்கள்" என்றேன். சிலர் இணையத்தில் தேடி அச்செடுத்து வந்தார்கள். சிலர் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒரு பிள்ளையின் மூத்தும்மா நான்கு கவிகளைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதை "இது பள்ளிக்கூடத்துக்குச் சரிவராது" என்று நிறுத்திவிட்டாராம். வகுப்பு முழுவதும் அந்த ஐந்தாவது கவியைத் தேடி அலைந்தது வேறு கதை.

ஒரு மாணவன் கொண்டுவந்த விடயம்தான் பாடத்தையே திருப்பியது. களவெட்டியில், அதாவது சூடு அடிக்கும் களத்தில், அந்தக் காலத்தில் சாதாரணப் பேச்சைப் பேசமாட்டார்களாம். நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்களாம். மாட்டுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் வேறு பெயர்களாம். குறைவைக் காட்டும் சொல்லை வாயால் சொன்னால் விளைச்சல் குறைந்துவிடும் என்ற பயம்.

அங்கிருந்து பாடம் நாலு பக்கமும் ஓடியது. சிங்களம் கற்பிக்கும் ஆசிரியையிடம் கேட்டோம். சிங்கள விவசாயிகளிடமும் களத்துக்கென்றே "கமத் பாஷா" என்று ஒரு தனிப்பேச்சு உண்டு என்றார். பிள்ளைகளுக்கு ஆச்சரியம். செய்தியில் சண்டையாகக் கேள்விப்படும் இரண்டு சமூகங்களின் உழவர்கள் ஒரே பயத்தோடு ஒரே மாதிரிச் சொல்லை மறைத்திருக்கிறார்கள். புவியியல் ஆசிரியர் கல்லோயாத் திட்டத்தைப் பற்றி ஒரு பாடவேளை பேசினார். 1949 இல் அந்தத் திட்டம் தொடங்கிச் சேனாநாயக்க சமுத்திரம் எழுந்த பிறகு தண்ணீரும் போகமும் எப்படி மாறின என்பதற்கு, மூத்தவர்களின் கவியில் மழையை எதிர்பார்க்கும் ஏக்கம் ஏன் அவ்வளவு என்ற கேள்வியே வாசலாக இருந்தது. அவணம், மரைக்கால் என்ற அளவுகளை இன்றைய கிலோவுக்கு மாற்றும் கணக்கைக் கணித ஆசிரியரிடம் கொண்டுபோனார்கள். மௌலவி ஆசிரியரிடம், "சொல்லுக்குப் பயப்படுவது ஈமானுக்குச் சரியா?" என்று கேட்டுவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. அந்த நம்பிக்கை எங்கே பிழை, ஒரு சொல் வழக்கை அறிந்துவைத்திருப்பது எப்படிப் பிழையாகாது என்று பிரித்து விளக்கினார்.

கடைசியில் எழுத்து வேலை கொடுத்தேன். "இன்று நெல்லை மெசின் வெட்டுகிறது. களவெட்டியே இல்லை. மறைத்துப் பேச வேண்டிய களம் இன்று உங்கள் வாழ்க்கையில் எது? அதற்கு ஒரு தனிப்பேச்சு உண்டாக்கிக் கவியோ கதையோ எழுதுங்கள்." ஒரு மாணவி, வெளிநாட்டில் வேலை செய்யும் உம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது வீட்டில் சொல்லக்கூடாத சொற்களின் பட்டியலை எழுதியிருந்தாள். காய்ச்சலுக்கு ஒரு சொல், கடனுக்கு ஒரு சொல், அழுகைக்கு ஒரு சொல். முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆக்கங்களில் அதுவும் ஒன்று.

நான் விட்ட பிழையையும் சொல்லவேண்டும். அடுத்த வருடம் இதே பாடத்தை நடத்தியபோது கல்லோயாவும் அளவுகளும் பாடவேளைகளை விழுங்கிவிட்டன. கவியை யாரும் வாய்விட்டுப் படிக்கவேயில்லை. இலக்கியத்தை வேறு பாடத்துக்கு வேலைக்காரியாக்கினால் இரண்டும் கெடும். புவியியலும் வரலாறும் வரவேண்டும், ஆனால் கவியின் வாசலால் வந்து, கவிக்கே திரும்பிப் போகவேண்டும். பிள்ளை கடைசியில் ஒன்றை எழுதவோ வரையவோ நடிக்கவோ வேண்டும். இல்லாவிட்டால் அது தகவல் சேகரிப்பு மட்டுமே.

வரும் ஆட்சேபனைகள்

முதலாவது, புள்ளி. "சேர், இதெல்லாம் நல்லந்தான், ஆனா ரிசல்ட்?" என்று ஒரு தந்தை என்னிடம் நேரடியாகவே கேட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஏழைப் பிள்ளைக்குச் சாதாரண தரப் பெறுபேறு ஒன்றுதான் ஏணி. நோட்ஸ் அந்த ஏணியில் ஒரு படி. ஆகவே நோட்ஸை எரிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நயம் எழுதும் வினாவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நான்கு வசனங்களை எழுதும்போது, பாட்டைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளையின் விடை தனியாகத் தெரியும். நான் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். அத்தோடு, இன்று கையடக்கத் தொலைபேசியில் சாட்ஜிபிடியிடம் கேட்டால் "கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது" சில விநாடிகளில் வந்துவிடும். மூத்தும்மா நிறுத்திவைத்த ஐந்தாவது கவி அதில் வராது. எதிர்காலத்தில் விலைபோகப் போவது எது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது, நேரமும் ஆளும். பல பாடசாலைகளில் பாடத்துக்கே ஆசிரியர் இல்லை, இதில் இணைந்து கற்பிப்பது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனவேதான் நான் எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தச் சொல்லவில்லை. தவணைக்கு ஒரு பாடம் போதும். மேலே சொன்ன பாடத்துக்கு நாங்கள் செலவழித்த பணம் ஒரு பெட்டி வெண்கட்டியின் விலைகூட இல்லை. ஆசிரியர் அறையில் பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் பேசியதுதான் செலவு.

மூன்றாவது, மார்க்கம் சார்ந்த தயக்கம். அழகியல் என்றாலே ஆடலும் பாடலும்தான் என்று நினைத்து ஒதுங்குபவர்கள் நம்மிடையே உண்டு. அந்த விவாதத்துக்குள் போகாமலே செய்யக்கூடியது ஏராளம். கவி நம்முடையது. பைத் நம்முடையது. பொல்லடி நம்முடையது. மருதமுனைத் தறியின் கோடுகளிலும் நமது பெண்கள் இழைத்த பன்பாயின் கட்டங்களிலும் கணிதமும் இருக்கிறது, கவிதையும் இருக்கிறது. கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, மஸ்அலா என்ற வடிவங்களைத் தமிழுக்குக் கொடுத்ததே நமது முன்னோர்தான்.

அந்த முன்னோரைப் பற்றி ஒரு வார்த்தை. முழுமையாக நமக்குக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் மிகப் பழையது ஆயிரம் மசலா. 1572 இல் மதுரையில் அரங்கேறிய நூல். மசலா என்றால் கேள்வி. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து யூத அறிஞர் ஒருவர் கேள்விமேல் கேள்வி கேட்பதுதான் நூலின் அமைப்பு. இந்த நாட்டில் 1885 இல் "அசன்பேயுடைய கதை"யை எழுதிய சித்திலெப்பை ஒரு சட்டத்தரணி, பத்திரிகையாளர், பாடசாலைகள் நிறுவியவர். துறை துறையாகப் பிரிந்து நிற்காத மனிதர். கேள்வியில் தொடங்கிய இலக்கியம் நம்முடையது. பல துறை தெரிந்தவர்கள் வளர்த்த இலக்கியம் நம்முடையது. அதைக் கற்பிக்கும் வகுப்பில்தான் நான் ஒரு கேள்வியை உட்காரவைத்தேன்.

என்ன செய்யலாம்?

தரம் 6 க்கு ஒரு வருட அவகாசம் கிடைத்திருக்கிறது. அதை அரசியல்வாதிகள் எப்படியும் பயன்படுத்தட்டும். நாம் சில விடயங்களைக் கேட்கலாம், சிலவற்றை நாமே செய்யலாம்.

பரீட்சைத் திணைக்களத்திடமும் தேசிய கல்வி நிறுவகத்திடமும் கேட்கவேண்டியது ஒன்றுதான். சாதாரண தர இலக்கிய வினாத்தாளில் ஒரே ஒரு வினா, பாடப் பகுதியை மாணவரின் பிற அறிவோடும் சொந்த அனுபவத்தோடும் இணைத்து எழுதச் சொல்வதாக இருக்கட்டும். அதற்குப் பல விடைகளை ஏற்கும் புள்ளித்திட்டமும் வேண்டும். வினாத்தாளில் ஒரு வாசல் திறந்தால் நாடு முழுக்க வகுப்பறைகளில் வாசல் திறக்கும். ரியூசன் வகுப்பிலும் திறக்கும்.

தமிழ்ப் பாட மொடியூல்களை எழுதுவோரிடம் கேட்கவேண்டியது: கிழக்கின் கவி, மன்னாரினதும் புத்தளத்தினதும் வழக்குகள், மலையகத்தின் பாடல்கள் ஆகியவை பிள்ளைகள் போய்த் தேடிக்கொண்டுவரும் பகுதிகளாக மொடியூலில் இருக்கட்டும். அச்சடித்த உதாரணமாக அவை இருந்தால் மீண்டும் மனப்பாடம்தான்.

அதிபர்களிடம் கேட்பது: தவணைக்கு ஒருமுறை இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து வைத்து, இரண்டு ஆசிரியர்களை ஒரே வகுப்புக்கு அனுப்புங்கள். நேரசூசி போடுபவருக்குக் கொஞ்சம் தலைவலி, அவ்வளவுதான். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஆசிரியர் எழுதிக் கொடுத்த பேச்சைப் பிள்ளை ஒப்புவிப்பதையும் நிறுத்தப் பாருங்கள். மாகாண மட்டத்தில் கிடைக்கும் சான்றிதழ் அந்தப் பேச்சை எழுதிய ஆசிரியருக்குத்தான் உரியது.

கடைசியாக, ஊருக்கு. பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைக்கு நுழைவாயில் கட்டியது போதும். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஊரில் எழுபது, எண்பது வயதைக் கடந்த உம்மாமாரின் கவியையும் கதையையும் பிள்ளைகளைக் கொண்டே ஒலிப்பதிவு செய்யவையுங்கள். அறபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். மாதாமாதம் நாம் ஜனாஸாத் தொழுகைக்குப் போகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு பாடப்புத்தகத்தையும் சேர்த்தே அடக்கிவிட்டு வருகிறோம்.

அந்தக் கேள்விக்குப் பதில்

மக்காவில் வயல் ஏது என்ற கேள்விக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் கடினமானதல்ல. நாட்டின் வளத்தைப் பாடித் தொடங்குவது தமிழ்க் காப்பிய மரபு. கம்பரும் அப்படித்தான் தொடங்கினார். 17 ஆம் நூற்றாண்டில் தமிழில் நபிகளாரின் வரலாற்றைப் பாடிய உமறுப்புலவர், தம் கேட்போர் நேசித்த வளமான நிலத்தையே அந்தப் புனித மண்ணுக்கும் கொடுத்தார். கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலைத் தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கற்றூண்கள் தாங்குகின்றன அல்லவா, அதுபோலத்தான். பத்து நிமிடப் பதில் இது. அதன் பிறகு நான் கேட்டிருக்கலாம்: "சரி மகன், கடலைக் காணாத ஒரு அறபிப் பையனுக்கு நம்ம ஊரை நீ எப்படிச் சொல்லுவாய்? எதை எதோட ஒப்பிடுவாய்? எழுதிக்கொண்டு வா." அவன் என்ன எழுதியிருப்பான் என்பது இனி யாருக்கும் தெரியாது.

சில மாதங்களுக்கு முன் அவரை ஒரு கல்யாண வீட்டில் கண்டேன். இப்போது நாற்பதைக் கடந்த மனிதர், சொந்தமாக ஒரு ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். அந்தக் கேள்வியை ஞாபகப்படுத்தினேன். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. "நீங்க தந்த நோட்ஸாலதான் சேர் தமிழுக்கு பீ எடுத்த நான்" என்று சந்தோசமாகச் சொன்னார். நான் என்ன சொல்வது?

புறப்படும்போது பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினார். இப்போது தரம் 5, அடுத்த வருடம் தரம் 6 க்குப் போகிறாளாம். "வாய் ஓயாமக் கேள்வி கேட்பா சேர், தாங்க முடியல்ல" என்றார்.

புதிய மொடியூல் அவளுடைய வகுப்பில்தான் தொடங்கவிருக்கிறது. அவளுடைய தமிழ் ஆசிரியர் யாரென்று எனக்குத் தெரியாது. இதை அவர் வாசிக்கக் கிடைத்தால், அந்தப் பிள்ளை எழுந்து நிற்கும்போது தயவுசெய்து உட்காரச் சொல்லிவிடாதீர்கள் என்பதுதான் இந்தப் பழைய ஆசிரியனின் வேண்டுகோள்.